சங்கிலியன் மிளகாய் சாப்பிட்டவனோ?

வரலாறு படிக்கிறோம் என்று சொன்னால் சனம் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி வரலாறு பற்றியதாக இருக்காது. "அப்ப என்ன வேலை எடுப்பியள்?" என்பதுதான் அது. அதற்கு நாங்கள் வாய்க்குள் எதையோ சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வி வந்துவிடும். அந்த இரண்டாவது கேள்விகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். ஒருவர் வடமராட்சி, ஒருவர் முல்லைத்தீவு, ஒருவர் மட்டக்களப்பு, ஒருவர் ஹற்றன். கலைப்பீடத்தில் மூன்றாம் வருஷம். போன வருஷம் நல்லூரைச் சுற்றி இருக்கிற பழைய இடங்களைப் பார்த்து ஒப்படை எழுதச் சொல்லி விட்டிருந்தார்கள். அளவுநாடாவும் கொப்பியுமாக யமுனா ஏரி, மந்திரிமனை, சங்கிலித்தோப்பு என்று திரிந்த நாட்களில் நாங்கள் சனத்திடம் கேட்டதைவிட சனம் எங்களிடம் கேட்டதுதான் கூட. ஓட்டோ அண்ணா கேட்டார், ஐஸ்கிறீம் கடையில் கேட்டார்கள், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அம்மம்மா ஒருவர் கேட்டா. சீஆர் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து அதுகளை எழுதத் தொடங்கினோம். முன்பக்கத்துக் குறிப்புகளை வைத்து எழுதின ஒப்படைக்குப் புள்ளியும் வந்து முடிந்துவிட்டது. பின்பக்கம் மட்டும் இன்னும் நீண்டுகொண்டு போகிறது.

எண்ணிப் பார்த்தால் முதலிடம் சுரங்கத்துக்குத்தான். "மந்திரிமனையில இருந்து கோட்டைக்குச் சுரங்கம் இருக்காமே?" ஆறு பேராவது கேட்டிருப்பார்கள். யாழ்ப்பாணம் சுண்ணக்கல் தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்டவர்கள் அசையவில்லை. பிறகு வேறு வழியால் போனோம். கோட்டை போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி ஒல்லாந்தர் இடித்துத் திருத்திக் கட்டியது. இப்போது நிற்கிற மந்திரிமனைக் கட்டடத்தின் வளைவுகளிலேயே ஐரோப்பியக் கை தெரிகிறது. இருக்கட்டும், அது மந்திரியின் வீடுதான் என்றே வைத்துக்கொள்வோம், அரசனுடைய மந்திரி எதிரியின் கோட்டைக்கு ஏன் சுரங்கம் வெட்டவேண்டும்? ஓட்டோ அண்ணா ஒரு செக்கன் யோசித்தார். "காட்டிக் குடுக்கிறதுக்குத்தான்!" என்றார். காக்கைவன்னியன் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் இதற்கு மேல் வாதாட ஏலாது.

மிளகாய்க் கேள்வி மில்லில் கிடைத்தது. வடமராட்சிக்காரியின் வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்த நேரம், வறுத்த மிளகாய், மல்லி, சீரகம் கலந்த பையோடு அவளின் அம்மா எங்களை மில்லுக்கு அனுப்பிவிட்டா. வரிசையில் பதினைந்து பேர், தும்மாமல் நிற்கிற ஆள் ஒருவரும் இல்லை. முன்னால் நின்ற மாமி ஒருவர், நாங்கள் என்ன படிக்கிறோம் என்று விசாரித்துவிட்டுக் கேட்டா: "சங்கிலியன் காலத்திலயும் இப்பிடித்தான் தூள் இடிச்சவையோ?"

பகிடியாகத்தான் கேட்டா. ஆனால் நாங்கள் படித்த கேள்வித்தாள்கள் எதிலும் இவ்வளவு நல்ல கேள்வி வந்ததில்லை. மிளகாயின் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கே போனதற்குப் பிறகுதான் உலகத்தின் இந்தப் பக்கம் அதைக் கண்டது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கப்பல்களோடு இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து அங்கிருந்து பரவியது. அதற்கு முன்னர் எங்கட ஆட்கள் உறைப்புக்கு நம்பி இருந்தது மிளகைத்தான். சங்கப் பாடல்களில் 'கறி' என்றால் மிளகு. புதிதாக வந்த காய் அதே மாதிரி உறைத்ததால் மிளகாய் என்று பேர் வைத்துவிட்டார்கள். மட்டக்களப்புக்காரன் இந்த இடத்தில் குறுக்கிட்டு "நாங்க கொச்சிக்காய் என்றுதான் சொல்லுவம்" என்றான். கொச்சித் துறைமுகத்தின் பேர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள். ஒரே காய்க்கு யாழ்ப்பாணம் ருசியை வைத்துப் பேர் சொல்கிறது, மட்டக்களப்பு வந்த வழியை வைத்துச் சொல்கிறது.

அப்ப சங்கிலியன்? இங்கேதான் சங்கதி இருக்கிறது. சனம் ஒரு சங்கிலியனைத்தான் மனதில் வைத்திருக்கிறது, குதிரையில் வாளோடு இருக்கிற அந்தச் சிலையை. வரலாற்றில் குறைந்தது இரண்டு சங்கிலிகள் இருக்கிறார்கள். 1519இல் ஆட்சிக்கு வந்த முதலாவது சங்கிலிதான் 1544இல் மன்னாரில் மதம் மாறிய கரையோரச் சனத்தைக் கொல்லுவித்தவன். 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டவன் இன்னொரு சங்கிலி. இருவருக்கும் இடையில் ஒரு நூற்றாண்டு. முதலாவது சங்கிலி பிள்ளையாக இருந்தபோது அவனுக்குச் சோறு தீத்தினவர்கள் மிளகாயைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது ஆள் சாப்பிட்டிருக்கலாம்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப போர்த்துக்கேயன் செய்த ஒரே நல்ல காரியம் உதுதான்" என்றா. பின்னால் நின்ற ஒருவர் கூழைப் பற்றிக் கேட்டார். மரவள்ளியும் தென்னமெரிக்காவில் இருந்து வந்தது என்று சொன்னோம். மிளகாயும் இல்லை, மரவள்ளியும் இல்லை, ஒடியல் மாவும் மீனும் நண்டும் புளியும் மட்டும். "அது கூழோ?" என்று அவர் கவலைப்பட்டார். பப்பாளி, கொய்யா, அன்னாசி, புகையிலை என்று பட்டியல் நீண்டபோது வரிசையில் ஒரு மெல்லிய அமைதி வந்தது. 'பாரம்பரியச் சாப்பாடு' என்று பலகை போட்டிருக்கிற கடைகளை நினைத்து நாங்களும் கொஞ்சம் அமைதியானோம்.

மிளகாயில் தொடங்கினால் சொற்களில் வந்து முடியும். மேசை, கதிரை, வாங்கு, அலமாரி, சாவி, துவாய், சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் தந்தவை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், ஒருவரும் கோபிப்பதில்லை. கதிரை போர்த்துக்கேயச் சொல் என்பதால் யாரும் நிலத்தில் இருக்கப்போவதில்லை. கோயில் என்று வந்தால்தான் முகங்கள் மாறுகின்றன.

நல்லூர்த் திருவிழா நேரம் கச்சான் விற்கிற ஐயா ஒருவர் எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார்: "தம்பி, இந்தக் கோயிலைக் கட்டினவர் வேதக்காரரோ? டொன் ஜுவான் எண்டு எங்கயோ வாசிச்சனான்."

வாசித்தது சரிதான். இப்போதைய கோயில் 1734இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுந்தது, அதற்குக் காரணமானவர் பேர் டொன் ஜுவான் இரகுநாத மாப்பாண முதலியார். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்துவிட்டார்கள். அந்த இடமும் இது இல்லை. முத்திரைச் சந்திப் பக்கம், இப்போது ஒரு தேவாலயம் நிற்கிற இடத்தில் அது இருந்தது என்பார்கள். டொன் என்பது போர்த்துக்கேயர் காலத்து மரியாதைப் பட்டம். ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் எடுக்காமல், தேவாலயப் பதிவில் பேர் இல்லாமல், அரசாங்கப் பதவி எடுக்க ஏலாது. கலியாணத்தைப் பதிவதும் பிள்ளைக்குச் சொத்துரிமை காட்டுவதும் அப்படித்தான். ஆகவே சனம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பேரோடும் மற்ற நாட்களில் இன்னொரு பேரோடும் வாழப் பழகிக்கொண்டது. விரதச் சாப்பாடு சாப்பிட்ட இலையை வெளியில் எறியாமல் கூரைக்குள் செருகி வைத்த கதையை எங்கட அம்மம்மாமார் இன்னும் சொல்லுவார்கள்.

கச்சான் ஐயா நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி, "கெட்டிக்காரன்" என்றார். மாப்பாண முதலியாரைத்தான் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது. அடக்குமுறைக் காலம் என்றால் எங்களுக்கு எதிர்த்து நின்றவனையும் காட்டிக் கொடுத்தவனையும் மட்டும்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். இரண்டு பேரோடு வாழ்ந்து, காத்திருந்து, காற்று மாறினதும் கோயிலைக் கட்டின ஆளைப் பற்றிப் படிப்பித்தது குறைவு. யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் கூட இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். எங்கட பெற்றோர் தலைமுறையிலும்.

அதே திருவிழாவில், குருநாகலில் இருந்து வான் ஒன்றில் வந்த ஆட்களின் சாரதி எங்களிடம் அரைத் தமிழும் அரைச் சிங்களமுமாகக் கேட்டார். இது அபே சபுமல் குமாரயா கட்டின கோயில்தானே என்று. பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் எங்களைப் பார்த்து, "உண்மையைச் சொல்லுங்கோ பிள்ளையள், இது சிங்கள ராசா கட்டினதோ?" என்றார். இரண்டு பேரும் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சொன்னோம். கோயில் கட்டியத்தில் சிறீசங்கபோதி புவனேகபாகு என்ற பேர் இன்றைக்கும் வருகிறது. கோட்டே அரசன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க அனுப்பியவன் சபுமல் குமாரயா, தமிழில் செண்பகப்பெருமாள். பிறகு கோட்டேக்குப் போய் புவனேகபாகு என்ற பேரில் முடிசூடினான். அவன் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில்தான் தென்கோடித் தெவிநுவரையிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் ஒரு குயிலைத் தூது அனுப்புகிற கோகில சந்தேசம் என்ற சிங்களக் காவியம் எழுந்தது. ஆனால் யாழ்ப்பாண வைபவமாலையைப் பார்த்தால் புவனேகபாகு என்பது அரசனுடைய மந்திரியின் பேர், கோயில் கட்டினது அந்த மந்திரி. இன்னும் ஒரு சிக்கல். இந்த செண்பகப்பெருமாள் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன், பெற்ற தகப்பன் எதிர்க்கரையிலிருந்து வந்த ஒரு பணிக்கன் என்று போர்த்துக்கேய ஆசிரியர் டியோகோ டோ கோத்தோ எழுதி வைத்திருக்கிறார். கடைசியாக, அவன் கட்டினதோ மந்திரி கட்டினதோ, அந்தக் கோயில் 1621இல் போய்விட்டது. நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறது டொன் ஜுவான் கட்டினது.

இரண்டு பேருக்கும் திருப்தியில்லை. எங்களுக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. சாரதிக்குக் கடைசி வசனம் விளங்கவில்லை என்று, எங்களைக் கேள்வி கேட்ட உள்ளூர்க்காரரே தன்ரை சிங்களத்தில் அதை விளங்கப்படுத்தினார். அந்தச் சிங்களம் எங்கே படித்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

"ஆர் முதல் வந்தது?" இதற்குக் கொப்பியில் தனிப் பக்கமே போய்விட்டது. சலூனில், பஸ்ஸில், செத்தவீட்டில். கேட்கிறவர் பதிலோடுதான் வருவார், எங்களிடம் ஒரு கையெழுத்து மட்டும் தேவை. நாங்கள் பேராசிரியர் இந்திரபாலாவைப் பற்றிச் சொல்லுவோம். 1965இல் லண்டனில் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இலங்கையில் தமிழர் குடியேற்றங்கள் பிந்தியவை என்று எழுதினார். பிறகு ஆனைக்கோட்டையில் ஈமப் புதைகுழியிலிருந்து மேல் வரியில் குறியீடுகளும் கீழ் வரியில் பிராமி எழுத்தும் இருக்கிற சின்ன முத்திரை ஒன்று கிடைத்தது. வேறு இடங்களிலும் தோண்டினார்கள். நாற்பது வருஷம் கழித்து 2005இல் எழுதின புத்தகத்தில் அவர் தன் பழைய முடிவைத் தானே மாற்றினார். சிங்களவர், தமிழர் என்ற இரண்டு குழுக்களும் இந்த மண்ணிலேயே, பெரும்பாலும் ஒரே பழைய குடிகளிலிருந்து, மொழிமாற்றத்தால் மெல்ல மெல்ல உருவாகின என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் 'வந்தது' என்ற சொல்லே பிழைத்துவிடுகிறது. இதைச் சலூனில் சொல்லி முடிக்கும்போது கேட்டவரின் தாடி வழித்து முடிந்திருக்கும்.

ஹற்றன்காரி ஒருநாள் சொன்னாள்: "ஒங்ககிட்டதான் யாரு முதல்ல வந்தான்னு கேக்குறாங்க. எங்ககிட்ட எப்ப வந்தீங்கன்னுதான் கேப்பாங்க." அவளிடம் அப்படிக் கேட்டவர்களில் யாழ்ப்பாணத்துச் சனமும் உண்டு, கம்பஸ் விடுதியிலும் உண்டு. 1823 என்று அவள் பதில் சொல்லுவாள், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுப்பாதையால் நடந்ததைச் சொல்லுவாள், வழியில் செத்தவர்களைச் சொல்லுவாள், 1948இல் குடியுரிமை பறிபோனதைச் சொல்லுவாள். "இருநூறு வருஷமா" என்று கேட்டவர் ஆச்சரியப்படுவார். இருநூறு வருஷம் ஒரு இடத்தில் இருந்தும் 'வந்த' ஆட்களாகவே இருக்கமுடிகிறது என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

நூலகத்தைப் பற்றின கேள்வி வயதானவர்களிடமிருந்துதான் வரும். "எங்கட உண்மையான சரித்திரம் முழுக்க அந்தக் கட்டடத்துக்குள்ள இருந்ததாம், அதோட எல்லாம் போச்சுதாம், உண்மையோ?" 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்ததில் ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போயின. வைபவமாலையே அதோடு அழிந்தது என்றும் பலர் நம்புகிறார்கள். அது அழியவில்லை. 1879இலேயே பிரிட்டோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிட்டார், தமிழ்ப் பதிப்புகளும் இருக்கின்றன, நூலகம் இணையத்தளத்தில் பழைய யாழ்ப்பாணப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. இதைச் சொன்னால் சிலருக்கு ஒரு மாதிரி இருக்கிறது, ஏதோ எரித்தவனுக்கு நாங்கள் சலுகை கொடுப்பதுபோல. எங்களுக்கு அப்படியில்லை. போன ஏடுகள் போனவைதான், அதுகளில் என்ன இருந்தது என்று தெரியாததே அந்த நெருப்பின் அளவு. ஆனால் "எல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டால், மிஞ்சினதை வாசிக்கிற வேலையும் எங்களுக்கு இல்லாமல் போய்விடும்.

முல்லைத்தீவுக்காரி சனி ஞாயிறில் ஊரில் ரியூசன் வகுப்பு எடுக்கிறாள். பத்தாம் பதினோராம் வகுப்பு, வரலாறு. அனுராதபுரத்து அரசர்களின் குளங்களை வரிசையாகப் பாடமாக்கிக்கொண்டிருந்த நேரம் ஒரு பெடியன் கையை உயர்த்தி, "மிஸ், 2009 எந்தப் பாடத்தில வரும்?" என்று கேட்டிருக்கிறான். அவன் அந்த வருஷம் பிறக்கவும் இல்லை. அவள் என்ன பதில் சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை, அது அவளுக்கும் அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கும் இடையில் இருக்கட்டும்.

இனிக் கடைசி ஆள். கம்பசுக்குப் பக்கத்தில் நாங்கள் இடியப்பம் சாப்பிடுகிற சின்னக் கடை, அதை நடத்துகிற அக்கா. அவவின் கேள்வி: "பிள்ளையள், தேசவழமைச் சட்டத்தை ஆர் எழுதினது?"

நாங்கள் பரீட்சைப் பதிலைச் சொன்னோம். 1707, ஒல்லாந்து ஆட்சி, ஆளுநர் சிமொன்ஸ், எழுதித் தொகுத்தவர் கிளாஸ் இசாக்ஸ். அவ சொதி ஊற்றிக்கொண்டு, "அந்த ஆளைக் கண்டால் கேக்கவேணும்" என்றா. பிறகு கதை வந்தது. அவவுக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று பரப்புக் காணி. சீதனம், தாய் எழுதிக் கொடுத்தது. ஒரு பரப்பை விற்று மகளின் படிப்புச் செலவையும் நுண்கடன் ஒன்றையும் பார்க்க நினைக்கிறா. உறுதி முடிக்கப் போன இடத்தில் நொத்தாரிசு கணவரின் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். "அவருக்கு அதில ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை. ஆனா அவற்ரை கையெழுத்து வேணுமாம். இல்லாத மனுசனிட்ட எங்க போய்க் கையெழுத்து வாங்க?" கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை.

அடுத்த மூன்று நாளும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டு வந்து கடையில் சொன்னோம். இப்படிக் கவனமாக நாங்கள் எந்தப் பாடத்துக்கும் படித்ததில்லை. இசாக்ஸ் நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் இருந்த அதிகாரி. இங்கே இருந்த வழக்கங்களைக் கேட்டு ஒல்லாந்து மொழியில் எழுதினார். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்தார். அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி அதில் இருக்கிறது, எந்தெந்தச் சாதிச் சனம் அடிமை என்று பேரோடு. பிறகு அதைத் தமிழில் மொழிபெயர்த்துப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்தார்கள். அவர்கள் வாசித்து, இதுதான் எங்கள் வழக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள். 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

அக்கா குறுக்கிட்டா. "அந்தப் பன்னிரண்டு பேரில ஒரு பொம்பிளையாவது இருந்தவவோ?"

முதலிமார் அக்கா, எல்லாம் ஆம்பிளையள், எல்லாம் பெரிய சாதி, காணி பூமி உள்ள ஆட்கள் என்றோம். "அப்ப அது அவையின்ரை வழமை" என்றா. எங்கட நூலகத்தில் தேசவழமை பற்றி இருக்கிற கட்டுரைகளில் இந்த வசனத்தைப் பத்துப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

கணவனின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்ற விதி 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் வருகிறது. மனைவி தன் சொந்தக் காணியையும் கணவன் சம்மதமில்லாமல் விற்க ஏலாது. கணவன் தன்னுடையதை விற்க மனைவியிடம் கேட்கத் தேவையில்லை. ஆனால் அதே சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தால், புத்தி பேதலித்திருந்தால், அவன் இருப்பிடம் தெரியாதிருந்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு அனுமதி வாங்கலாம்.

'இருப்பிடம் தெரியாதிருந்தால்'. 1911இல் அதை எழுதினவர்கள் யாரை நினைத்திருப்பார்கள் என்று எங்களுக்குள் கதைத்தோம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆண்கள் றெயில்வே வேலைக்கும் கிளாக்கர் வேலைக்கும் மலாயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். போய்க் கடிதம் போடாமல் விட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதியிருக்கவேண்டும் என்பது எங்கள் ஊகம். அக்காவிடம் அதையும் சொன்னோம்.

"என்ரை மனுசன் மலாயாவுக்குப் போகேல்லை" என்றா.

மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் சுகமாக முடியும் என்று எத்தனையோ பேர் அவவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எடுக்கமாட்டா. 2016இல் வந்த திருத்தச் சட்டத்தின்படி காணப்படாமைச் சான்றிதழ் என்று ஒன்றும் இருக்கிறது, அதற்கும் அவவுக்கு மனமில்லை, காணப்படாமை என்ற சொல்லே பிடிக்கவில்லை. இலவசச் சட்ட உதவியில் ஒரு பெண் சட்டத்தரணி கிடைத்து இப்போது மனு எழுதுகிறார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். மனுவில் கணவரின் 'இருப்பிடம் தெரியாது' என்று போடவேண்டும் என்றாராம் சட்டத்தரணி. சட்டத்தின் சொல் அதுதான், வேறு சொல் போட்டால் மனு நிற்காது.

அக்கா போன கிழமை இதை எங்களிடம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இடியப்பத் தட்டுகளை அடுக்கினா. பிறகு கேட்டா. நாங்கள் கொப்பியை வெளியில் எடுக்கவில்லை, விடுதிக்கு வந்த பிறகுதான் எழுதினோம். பின்பக்கத்தில் இப்போதைக்குக் கடைசியாக இருப்பது அதுதான்:

"வட்டுவாகலில என்ரை கையால ஆமிக்காரனிட்டக் குடுத்த ஆள். இருப்பிடம் தெரியாது எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

மனுவுக்கு அடுத்த மாதம் தவணை. அன்றைக்குக் கடை பூட்டு. நாங்களும் கூடப் போகிறோம்.